கடைக்குப் பின்னே ஒரு கல்விக்கூடம்

படிக்காதே என்று முதலில் சட்டம் செய்தார்கள். படித்தவனுக்கே வாக்கு என்று பின்னர்ச் சட்டம் செய்தார்கள். இரண்டையும் செய்தவர்கள் ஒரே கூட்டத்தார். இரண்டுக்கும் இரையானவர்களும் ஒரே இனத்தார். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில், தென் கரோலினா என்னும் மாநிலத்தில் நடந்தேறிய கொடுமை இது. கல்வி யாருக்கு உரியது என்று கேட்கத் துணிந்தோர் அனைவரும் அறிந்துகொள்ள வேண்டிய வரலாறும் இதுவே.

1740-ஆம் ஆண்டு. அப்போது தென் கரோலினா ஆங்கிலேயரின் குடியேற்ற நாடு. அடிமைக்கு எழுதக் கற்றுக்கொடுப்பவருக்கு நூறு பவுன் தண்டம் என்று அங்கே ஒரு சட்டம் பிறந்தது. 1834-ஆம் ஆண்டு, படிக்கக் கற்றுக்கொடுப்பதும் குற்றமாக்கப்பட்டது. சவுக்கு அவர்கள் கையில். சங்கிலி அவர்கள் கையில். சட்டமும் சிறைக்கூடமும் அவர்கள் கையில். அத்தனையும் இருந்தும், சில எழுத்துகளைக் கண்டு அவர்கள் நடுங்குவானேன்?

காரணம் இருந்தது. எழுதத் தெரிந்த அடிமை, எசமான் தந்தது போலத் தானே ஓர் அனுமதிச் சீட்டு எழுதிக்கொண்டு ஊரைக் கடந்து ஓடிவிடுவான். செய்தித்தாளைப் படித்து, வடபகுதியில் விடுதலைக் குரல் எழுந்துவிட்டதை அறிந்துகொள்வான். அதற்கும் மேலாக, ஆண்டவன் எழுதிய விதி என்று தன்னிடம் சொல்லப்பட்டதெல்லாம் ஆள்பவன் எழுதிய விதியே என்பதைக் கண்டுகொள்வான். ஆதிக்கக்காரன் எழுத்துக்கு அஞ்சியதில் வியப்பில்லை.

உள்நாட்டுப் போர் மூண்டது. 1865-இல் அடிமை முறை ஒழிந்தது. 1868-இல் கறுப்பின மக்களின் பேராளர்கள் பெரும்பான்மையாக அமர்ந்திருந்த அவையொன்று, மாநிலத்துக்குப் புதிய அரசியல் சட்டம் வகுத்தது. பொதுப் பள்ளிகள் நிற வேறுபாடின்றி அனைவருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று அது கூறிற்று. நேற்று வரை எழுத்து மறுக்கப்பட்டவர்கள், ஆட்சியில் இடம் கிடைத்ததும் முதலில் நினைத்தவற்றுள் ஒன்று பள்ளிக்கூடம்! ஆனால் அந்த விடியல் நீடிக்கவில்லை. வெள்ளை ஆதிக்கம் மீண்டும் தலைதூக்கியது. 1895-இல் வேறோர் அரசியல் சட்டம் வந்தது. வெள்ளையருக்கு ஒரு பள்ளி, கறுப்பருக்கு ஒரு பள்ளி என்று அது பிரித்தது. அரசியல் சட்டத்தின் எந்தப் பிரிவைக் காட்டினாலும் படிக்கவும் எழுதவும் வல்லவர்க்கே வாக்குரிமை. இல்லையேல் முந்நூறு டாலர் மதிப்புள்ள சொத்து வேண்டும் என்றும் விதித்தது.

அந்த விதியில் கறுப்பர் என்ற சொல்லே இல்லை. எவ்வளவு நாகரிகமான சூது பாருங்கள்! பள்ளியைப் பறித்தார்கள், பிறகு, பாவம், படிக்கவில்லையே என்று பரிவோடு கைவிரித்தார்கள். எழுத்தையே பூட்டாக்கி, அதன் சாவியைத் தங்கள் இடுப்பில் செருகிக்கொண்டார்கள்.

அந்தப் பூட்டைத் திறந்தோர் வரிசையில், உலகம் போதிய அளவு அறியாத ஒருவரைப் பற்றியே நாம் இங்கு எழுதுகிறோம். மார்ட்டின் லூதர் கிங் பெயரை அறியாதார் இல்லை. அந்தப் பேச்சுப் புயல் வீசுமுன், மூலைமுடுக்கெல்லாம் சென்று மண்ணைப் பதப்படுத்தி வைத்த ஆசிரியை செப்டிமா பாயின்செட் கிளார்க்கை அறிந்தவர் சிலரே.

நூலைச் சுமந்த சிறுவன்

1898-ஆம் ஆண்டு மே 3-ஆம் நாள், சார்ல்ஸ்டன் நகரத்தில் செப்டிமா பிறந்தார். ஆப்பிரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாக மனிதரைக் கொண்டுவந்து இறக்கி விற்ற துறைமுகம் அது. உள்நாட்டுப் போரின் முதல் குண்டு வெடித்ததும் அந்தத் துறைமுகத்திலேதான்.

அவருடைய தந்தையார் பீட்டர், பண்ணை அடிமையாகப் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது அவருக்கு இடப்பட்ட வேலை என்ன தெரியுமா? எசமானின் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வது. அவர்களுடைய புத்தகங்களைச் சுமந்து செல்வது. அவர்கள் உள்ளே சென்று படித்து முடித்து வரும் வரை வாசலில் காத்திருப்பது. நூலைச் சுமக்கலாம், திறக்கக் கூடாது! பள்ளி வாசலை மிதிக்கலாம், படி ஏறக் கூடாது! போர் வந்தபோது, தம்மை அடிமையாகவே வைத்திருக்கப் போரிட்ட படையினருக்கு விறகும் தண்ணீரும் சுமந்தவரும் அவரே. அடிமைத்தனம் ஒரு மனிதனை எவ்வளவு தூரம் தனக்கு எதிராகவே உழைக்க வைக்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

தாயார் விக்டோரியா வேறு வார்ப்பு. அடிமைகளே புரட்சி செய்து அரசு அமைத்த ஹெயிட்டித் தீவில் வளர்ந்தவர். அங்கேயே எழுதப் படிக்கக் கற்றவர். சார்ல்ஸ்டனில் பிறர் துணி வெளுத்துக் குடும்பத்தைக் காத்தார். கை வெளுத்தது பிறர் அழுக்கை. மனம் மட்டும் எவருக்கும் பணியவில்லை. தந்தையிடம் பொறுமையையும் தாயிடம் துணிவையும் கற்றதாகச் செப்டிமா பிற்காலத்தில் கூறியதுண்டு.

ஆறு வயதில், 1904-இல், செப்டிமா பொதுப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். படிபடியாக அமைந்த பலகைகளில் ஏறத்தாழ நூறு குழந்தைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அங்கே உட்காரலாம், கற்க முடியாது. இதைக் கண்ட தாய், மகளை அங்கிருந்து விலக்கி, எதிர்வீட்டில் பாடம் நடத்திய ஒரு மூதாட்டியிடம் சேர்த்தார். கட்டணத்துக்கு வழி? காலையிலும் மாலையிலும் அந்த வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார் செப்டிமா. சிறுமியின் உழைப்பே சிறுமியின் கட்டணம் ஆயிற்று.

அடிமை முறை ஒழிந்த 1865-ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்ட ஏவரி கல்வி நிலையத்தில் பயின்று, 1916-இல் வெளிவந்தார். கல்லூரிக்குச் செல்லப் பணமில்லை. மாநிலத் தேர்வு எழுதி, பதினெட்டு வயதில் ஆசிரியைத் தகுதி பெற்றார். ஆனால் தாம் பிறந்த நகரத்தில் அவர் கற்பிக்க முடியாது. சார்ல்ஸ்டன் நகரப் பொதுப் பள்ளிகளில் கறுப்பர் ஆசிரியராகக் கூடாது என்பது ஏற்பாடு. கறுப்புப் பிள்ளைகளின் பள்ளியிலும் கற்பிப்பவர் வெள்ளையராகவே இருக்க வேண்டும்!

132-க்கு எதிரே மூன்று

நகரம் கதவடைத்தது; நாட்டுப்புறம் அழைத்தது. சார்ல்ஸ்டனுக்கு அப்பால், படகேறிச் செல்ல வேண்டிய ஜான்ஸ் தீவில் அவருக்கு வேலை கிடைத்தது. பருத்திக் காடும் சதுப்பு நிலமும் சூழ்ந்த தீவு. அடிமைகளின் வழித்தோன்றல்கள் உழைத்து உழைத்து ஓய்ந்த தீவு.

அங்கே இருந்தது ஒரு மரக் கொட்டகை. அதில் 132 மாணவர்; செப்டிமாவையும் சேர்த்து ஆசிரியைகள் இருவர். எதிரே இருந்தது வெள்ளையர் பள்ளி. அங்கே மாணவர் மூவர். அவர்களுக்கு ஓர் ஆசிரியை. சம்பளமோ, அந்த ஆசிரியைக்கு 85 டாலர். தலைமை ஆசிரியைப் பொறுப்பையும் சேர்த்துச் சுமந்த செப்டிமாவுக்கு 35 டாலர். உடன் பணியாற்றியவருக்கு 25 டாலர். 132 பேருக்குக் கற்பித்த இருவரும் சேர்ந்து வாங்கியது, மூவருக்குக் கற்பித்த ஒருவர் வாங்கியதைவிடக் குறைவு! அரசாங்கக் கணக்குப் புத்தகத்தில் ஒரு கறுப்புக் குழந்தையின் விலை என்ன என்பதை நண்பர்களே கணக்கிட்டுக்கொள்ளட்டும்.

பருத்தி எடுக்கும் காலம் முடியும் வரை பெரிய பிள்ளைகள் பள்ளிப் பக்கம் வர முடியாது. வந்தாலும் கையில் புத்தகம் இல்லை. புத்தகம் இல்லையே என்று செப்டிமா கைகட்டி நிற்கவில்லை. சலவைக் கடைக் காகிதப் பைகளை விரித்து, அந்தப் பிள்ளைகளின் வாழ்க்கையையே, அவர்களைச் சுற்றியிருந்த மரத்தையும் வயலையும் பற்றியே கதையாக எழுதிப் பாடமாக்கினார். இரவில் பெரியவர்கள் வந்தார்கள். தங்கள் சங்கக் கூட்டங்களில் நாலு வார்த்தை பேச ஆசை. குறிப்பைப் படிக்கத் தெரியாது. அவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். மக்கள் எதற்காகப் படிக்க விரும்புகிறார்களோ, அங்கிருந்தே பாடத்தைத் தொடங்க வேண்டும் என்னும் உண்மை, அந்தத் தீவின் இரவுகளில் அவருக்குப் புலனாயிற்று. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அதே தீவில் அது பெரும் பயன் தரப்போவதை அப்போது எவரும் அறியார்.

சமையற்காரியின் கையெழுத்து

1919-இல் செப்டிமா ஏவரி நிலையத்துக்கே ஆசிரியையாக வந்தார். கறுப்பின மக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம் அந்நகரில் அப்போது கிளை விட்டிருந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு எங்கள் இனத்தார் ஆசிரியராக வேண்டும் என்ற கிளர்ச்சி எழுந்தது.

எதிரிகள் என்ன சொன்னார்கள்? படித்த, வசதியுள்ள, கலப்பு நிறத்தவர் சிலரின் ஆசை இது. சமையல் செய்பவளும் துணி வெளுப்பவளும் இதைக் கேட்கவில்லை என்றார்கள். ஒடுக்கப்பட்டோர் உரிமை கேட்கும்போதெல்லாம் கேட்பவன் யார், எத்தனை பேர், உண்மையான ஏழை கேட்கிறானா என்று ஆராய்வது ஆதிக்கத்தின் வாடிக்கை.

விடை சொல்ல மக்களிடமே சென்றார்கள். செப்டிமாவும் அவருடைய மாணவர்களும் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். சமையற்காரியிடம் கையொப்பம் வாங்கினார்கள்; சலவைக்காரியிடம் வாங்கினார்கள்; கூலிக்காரனிடம் வாங்கினார்கள். மூட்டை மூட்டையாக விண்ணப்பங்கள் மாநில அவைக்குச் சென்றன. 1920-இல் தடை நீங்கியது. கறுப்பின ஆசிரியர்கள் சார்ல்ஸ்டனின் கறுப்புப் பள்ளிகளில் நுழைந்தனர்.

வெற்றியைக் கண்ட அதே காலத்தில் வீட்டிலே இருள் சூழ்ந்தது. 1920-இல் கடற்படைச் சமையற்காரரான நெரி கிளார்க்கை மணந்தார். முதற்குழந்தை பிறந்த சில நாள்களில் இறந்தது. 1925-இல் மகன் பிறந்தான். அந்த ஆண்டிலேயே கணவரும் நோயால் மாண்டார். இருபத்தேழு வயதுக் கைம்பெண், கையில் குழந்தை, குறைந்த ஊதியம். மகனைக் கணவரின் பெற்றோரிடம் விட்டு, வேலை தேடிப் பிரிந்து வாழ நேர்ந்தது. ஊரெல்லாம் பிள்ளைகளுக்குக் கற்பித்தவர், தம் பிள்ளையை அருகில் வைத்து வளர்க்க இயலாத நிலை!

1929 முதல் மாநிலத் தலைநகர் கொலம்பியாவில் பணி. விடுமுறைதோறும் தம் படிப்பைத் தொடர்ந்தார். 1937-இல் அட்லாண்டாவில் பேரறிஞர் டு பாய்சிடம் பாடம் கேட்டார். 1942-இல் பட்டம் பெற்றார். 1946-இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். பள்ளியை முடித்து முப்பது ஆண்டுகள் கழித்து!

அதற்கிடையே மற்றொரு போர். ஒரே தகுதி, ஒரே வேலை. ஆனால் தோலுக்கேற்பச் சம்பளம் என்ற அநீதியை எதிர்த்துக் கொலம்பியா ஆசிரியர் ஆல்பர்ட் தாம்சன் வழக்குத் தொடர்ந்தார். பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான தர்குட் மார்ஷல் வாதாடினார். வழக்குக்குத் துணை நின்று உழைத்தவர்களுள் செப்டிமாவும் ஒருவர். 1945-இல் நீதிபதி வேரிங் தீர்ப்பளித்தார்: சம வேலைக்குச் சம ஊதியம். உடனே மாநில அரசு, தேர்வெழுதித் தேறினால்தான் உயர் ஊதியம் என்று புதிய வேலியிட்டது. செப்டிமா தேர்வெழுதினார், முதல் தரத்தில் தேறினார், ஊதியமும் உயர்ந்தது.

726 மடல்கள்

ஊதியம் சமமாயிற்று, பள்ளி சமமாயிற்றா? அதே மாநிலத்தின் கிளாரண்டன் வட்டாரத்தில், வெள்ளைப் பிள்ளைகளுக்கு முப்பது பள்ளிப் பேருந்துகள் ஓடின. கறுப்புப் பிள்ளைகளுக்கு ஒன்றுகூட இல்லை. ஒரு பேருந்து கேட்டுத் தொடங்கிய முறையீடு வழக்காக வளர்ந்தது. 1954-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள், பிரவுன் வழக்கு என்று பெயர்பெற்ற தீர்ப்பில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், நிறத்தால் பள்ளிகளைப் பிரிப்பது சட்டத்துக்கு முரண் என்று முழங்கியது. அந்தத் தீர்ப்புக்குள் அடங்கிய ஐந்து வழக்குகளில் கிளாரண்டன் வழக்கும் ஒன்று.

தீர்ப்பைக் கேட்டுத் தென்பகுதி ஆதிக்கம் சீறியது. 1956-இல் தென் கரோலினா ஒரு சட்டம் செய்தது. மாநில ஊழியரோ நகர ஊழியரோ முன்னேற்றச் சங்கத்தில் உறுப்பினராக இருக்கக் கூடாது! சங்கத்தை விடு, அல்லது சம்பளத்தை விடு.

செப்டிமா மறைக்கவில்லை. உறுப்பினர்தான் என்று எழுதிக்கொடுத்தார். நாற்பது ஆண்டுப் பணி ஒரே நாளில் பறிபோயிற்று. ஓய்வூதியமும் பறிபோயிற்று. வயது ஐம்பத்தெட்டு.

அதன்பின் அவர் செய்தது, நம் இளைஞர் ஊன்றிக் கவனிக்க வேண்டிய ஒன்று. மாநிலத்தின் கறுப்பின ஆசிரியர்கள் எழுநூற்று இருபத்தாறு பேருக்குக் கடிதம் எழுதினார். நம் அனைவரின் உரிமை இது. ஒன்றுகூடி எதிர்ப்போம் என்று அழைத்தார். 726 கடிதங்களில் விடை வந்தவை இருபத்தாறு. கல்வி அதிகாரியை நேரில் காண ஒப்புக்கொண்டோர் பதினொருவர். குறித்த நாளில் வந்து நின்றோர் ஐவர்!

அவர் சார்ந்த பெண்கள் சங்கத்தார் அவரைப் பாராட்டி விருந்து வைத்தார்கள். ஆனால் அவரோடு நின்று புகைப்படம் எடுத்துக்கொள்ள எவரும் முன்வரவில்லை. படம் வெளியானால் வேலை போகுமே!

இங்கே சினம் கொள்வது எளிது. கோழைகள் என்று ஏசிவிட்டுப் போவது எளிது. செப்டிமா ஏசவில்லை. என் வாழ்வின் பெருந்தோல்விகளுள் ஒன்று இது. அவர்களைப் பக்குவப்படுத்தாமல் தள்ளப் பார்த்தேன் என்று தம்மையே நொந்துகொண்டார். அந்த ஆசிரியர்கள் எழுத்தறியாதவர்களா? பட்டம் பெற்றவர்கள். ஆனால் அவர்கள் பெற்ற கல்வி அவர்களுடைய அச்சத்தை அகற்றவில்லை. அவ்வாறாயின் இனித் தர வேண்டிய கல்வி எது? இந்தக் கேள்வியைத் தோல்வியிலிருந்து அவர் எடுத்துக்கொண்டார். விடையை அடுத்த ஆண்டே நாட்டுக்குக் காட்டினார்.

சன்னல் இல்லாத அறை

டென்னசி மலைப்பகுதியில் ஹைலாண்டர் என்றொரு பயிற்சிப் பள்ளி இருந்தது. மைல்ஸ் ஹார்ட்டன் என்னும் வெள்ளையர் 1932-இல் தொடங்கியது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் உண்டு, ஒரே கூரையின்கீழ் உறங்கிப் பயின்ற இடம். தென்பகுதியில் அதுவே ஒரு புரட்சி. செப்டிமா 1954-இலேயே அங்குச் சென்றிருந்தார். 1955-ஆம் ஆண்டுக் கோடையில் அவர் நடத்திய வகுப்பில் அமைதியாக அமர்ந்திருந்த தையற்பெண் ஒருவர், அதே ஆண்டு டிசம்பர் முதல் நாள் மாண்ட்கமரிப் பேருந்தில் இருக்கையை விட்டு எழ மறுத்தார். அவரே ரோசா பார்க்ஸ். வேலையிழந்த செப்டிமாவை ஹைலாண்டர் பயிற்சித் துறைத் தலைவியாக ஏற்றுக்கொண்டது.

ஜான்ஸ் தீவில் ஈசா ஜென்கின்ஸ் என்பவர் பேருந்து ஓட்டிவந்தார். விடியற்காலையில் தீவு மக்களைச் சார்ல்ஸ்டனுக்கு வேலைக்கு ஏற்றிச் செல்வார். வழியெல்லாம் பேருந்திலேயே பாடம்! வாக்காளர் பதிவுக்குப் படித்துக்காட்ட வேண்டிய அரசியல் சட்டப் பகுதியை அச்சிட்டுக் கொடுத்துப் பயிற்றுவார். ஆலிஸ் வைன் என்னும் பெண்மணி அதைக் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்துவிட்டார். ஆனால் மனப்பாடம் அவருக்கு நிறைவளிக்கவில்லை. உண்மையாகவே படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். இந்தத் தாகத்தை ஜென்கின்ஸ் ஹைலாண்டருக்கு எடுத்துச் சென்றார்.

எங்கே கற்பிப்பது? தீவின் கறுப்புப் பள்ளித் தலைமை ஆசிரியரைக் கேட்டார்கள், அஞ்சி மறுத்தார். தேவாலயப் போதகரைக் கேட்டார்கள்; அவரும் அஞ்சி மறுத்தார். கல்விக் கோயிலும் கதவடைத்தது. கடவுள் கோயிலும் கதவடைத்தது! செப்டிமா சமயப் பற்றுள்ளவர். அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பிரார்த்தித்துக் கொண்டே காத்திருக்க அவர் ஒப்பவில்லை. ஹைலாண்டர் 1,500 டாலர் கடன் கொடுத்தது. பழைய கட்டடம் ஒன்றை வாங்கினார்கள். முன்பக்கம் கூட்டுறவு மளிகைக் கடை. பின்பக்கம் இரண்டு அறைகள். அவற்றுக்குச் சன்னல் இல்லை. வெள்ளையன் கண்ணுக்குத் தெரிந்தது அரிசியும் சர்க்கரையும். தெரியாதது உள்ளே நடந்த பாடம்!

ஆசிரியர் யார்? பட்டம் பெற்றவரைச் செப்டிமா தேடவில்லை. பெர்னிஸ் ராபின்சன் என்னும் உறவுப் பெண்ணைத் தேர்ந்தெடுத்தார். அவர் கூந்தல் ஒப்பனை செய்பவர், தையலும் தெரிந்தவர், பள்ளியில் கற்பித்த பழக்கமே இல்லாதவர். பின் ஏன் அவர்? அவரிடம் கூந்தல் திருத்த வந்தவர்கள் கறுப்புப் பெண்கள். அவருடைய சோறு வெள்ளையன் கையில் இல்லை. எனவே அவரை வேலைநீக்க எவராலும் முடியாது. 726 கடிதங்கள் கற்றுத்தந்த பாடம் இங்கே பயன்பட்டது.

1957-ஆம் ஆண்டு சனவரி 7-ஆம் நாள் குடியுரிமைப் பள்ளி தொடங்கியது. முதல் வகுப்பில் பதினான்கு பேர். ஆண்கள் மூவர், பெண்கள் பதினொருவர். ராபின்சன் முதலில் குழந்தைகளுக்கான பாடநூல்களைக் கொண்டுவந்தார். ஏர்பிடித்துக் காய்த்த கைகளுக்குப் பூனைக் கதையும் பொம்மைக் கதையுமா? அன்றே ஒதுக்கிவைத்தார். நான் ஆசிரியை அல்லள், நாம் சேர்ந்து கற்போம், உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். சொன்னார்கள்: எங்கள் பெயரை எழுத வேண்டும், பணவிடைத் தாளை நிரப்ப வேண்டும், அஞ்சலில் சாமான் தருவிக்கும் படிவத்தை நிரப்ப வேண்டும், செய்தித்தாள் படிக்க வேண்டும், வாக்காளராகப் பதிய வேண்டும். அவையே பாடத்திட்டம் ஆயின. ஐக்கிய நாடுகள் அவையின் மனித உரிமைப் பிரகடனம் சுவரில் ஏறியது; வகுப்பு முடிவதற்குள் அதை நீங்கள் படித்துவிட வேண்டும் என்பது ராபின்சன் வைத்த இலக்கு.

அட்டையில் அவரவர் பெயரை எழுதித் தந்து, அதன்மேலேயே மீண்டும் மீண்டும் எழுதச் செய்தார்கள். கலப்பையைப் பிடித்த வலுவில் பிடித்தால் பென்சில் முறிந்தது. முறிந்தால் என்ன, இன்னும் பென்சில் இருக்கிறது என்று அடுத்ததைத் தந்தார்கள். அறுபத்தைந்து வயது மூதாட்டி ஒருவர், கரும்பலகையில் இருந்த பெயர்களுள் ஒன்றைச் சுட்டி, அது என் பெயர் என்று எழுத்துக்கூட்டிக் காட்டினார். அறுபத்தைந்து ஆண்டுகள் பிறர் வாயில் மட்டும் கேட்ட தம் பெயரை, அன்று தம் கண்ணாலேயே கண்டார்! அந்தக் கணத்தில் அவர் கற்றது சில எழுத்துகள் மட்டுந்தானா?

பதிவு அலுவலகப் படியேறிய அந்த உழவர்களும் பணிப்பெண்களும் செய்தது, பட்டம் பெற்ற பலர் செய்ய அஞ்சியது. ஏன் முடிந்தது? அவர்களை எவரும் தள்ளவில்லை. தயாராக்கினார்கள்.

தீவிலிருந்து நாட்டுக்கு

அண்டைத் தீவுகளான வாட்மலாவும் எடிஸ்டோவும் எங்களுக்கும் பள்ளி வேண்டும் என்றன. தீ பரவுவதை ஆதிக்கம் உணர்ந்தது. 1959-ஆம் ஆண்டு சூலை 31-ஆம் நாள் இரவு, ஹைலாண்டரில் காவல் துறையினர் புகுந்தனர். செப்டிமாவைக் கைது செய்தனர். குற்றச்சாட்டு? சாராயம் வைத்திருந்தாராம்! விளக்கணைக்கப்பட்ட இருட்டில், பயிற்சிக்கு வந்திருந்த இளைஞர்கள் அஞ்சாமல் பாடிக்கொண்டிருந்தார்கள். அவர் மீதான வழக்கு நிற்கவில்லை. ஆனால் ஹைலாண்டரின் உரிமம் பறிக்கப்பட்டு, 1961-இல் அது மூடப்பட்டது.

கட்டடத்தைப் பூட்டலாம், கற்ற முறையைப் பூட்ட முடியுமோ? அந்த ஆண்டே மார்ட்டின் லூதர் கிங் தலைமையிலான தென்னகக் கிறித்தவத் தலைமை மாநாடு, குடியுரிமைப் பள்ளித் திட்டத்தை ஏற்றுக்கொண்டது. ஜார்ஜியா மாநிலத்து டார்செஸ்டரில் பயிற்சி நிலையம் அமைந்தது. செப்டிமாவோடு டாரதி காட்டனும் ஆண்ட்ரூ யங்கும் உழைத்தனர். ஊரில் மதிப்புள்ளவராக, உரக்கப் படிக்கவும் தெளிவாக எழுதவும் வல்லவராக இருந்தால் போதும். வந்து ஐந்து நாள் பயின்று, ஊர் திரும்பிப் பள்ளி நடத்தலாம். தென்பகுதி எங்கும் நூற்றுக்கணக்கில் பள்ளிகள் முளைத்தன. சமையலறையில், முடிதிருத்தகத்தில், மரத்தடியில் பாடங்கள் நடந்தன. மிசிசிப்பிப் பருத்திக் காட்டிலிருந்து எழுந்து நாட்டையே உலுக்கிய ஃபேனி லூ ஹேமரும் இந்தப் பயிற்சியைப் பெற்றவரே.

விடுதலை இயக்கத்துக்குள்ளேயும் செப்டிமாவுக்கு ஒரு சிறுபோர் இருந்தது. செயற்குழுவில் இந்த அம்மையாருக்கு என்ன வேலை என்று கேட்ட ஆடவர் உண்டு. எல்லா ஊர்வலத்துக்கும் தாங்களே தலைமை தாங்காமல், ஊர்தோறும் தலைவர்களை உருவாக்குங்கள் என்று அவர் கிங்குக்கு எழுதினார். கடிதம் அலுவலகத்தில் படிக்கப்பட்டது, கேட்டவர்கள் சிரித்தார்கள். அவர் அதையும் மறைக்காமல் பிற்காலத்தில் எழுதி வைத்தார். நிறத்தால் வந்த தாழ்வை எதிர்ப்போர், பாலால் வந்த தாழ்வைக் காணத் தவறுவர் என்பது அவருடைய குற்றச்சாட்டு. இருந்தும் 1964-இல் நோபல் பரிசு பெற ஆஸ்லோ சென்றபோது, செப்டிமாவும் உடன்வர வேண்டும் என்று விரும்பியவர் கிங். சிரித்த இயக்கம் அவர் தோள்மீதுதான் நின்றது என்பதைத் தலைவர் அறிந்திருந்தார்.

1965-இல் வாக்குரிமைச் சட்டம் நிறைவேறியது. தென் கரோலினா உள்ளிட்ட மாநிலங்களில் எழுத்தறிவுத் தேர்வு நிறுத்தி வைக்கப்பட்டது. 1970-இல் நாடு முழுவதும் அது தடைசெய்யப்பட்டது. எழுபது ஆண்டுக்கு மேல் தொங்கிய பூட்டு கீழே விழுந்தது.

வாசல் திறந்த பிறகும்

1975-இல், எழுபத்தேழு வயதில், செப்டிமா சார்ல்ஸ்டன் கல்விக் குழுவுக்கு மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டார். எந்த நகரம் அவருக்கு ஆசிரியை வேலை மறுத்ததோ, எந்த நகரம் கொடுத்த வேலையைப் பறித்ததோ, அந்த நகரத்துப் பள்ளிகளை மேற்பார்க்கும் நாற்காலியில் அவர் அமர்ந்தார். அடுத்த ஆண்டு, 1956-இல் அவரை நீக்கியது அநீதி என்று மாநில ஆளுநர் ஒப்புக்கொண்டு ஓய்வூதியத்தை மீட்டளித்தார். இருபது ஆண்டுகள் கழித்து! 1987-ஆம் ஆண்டு டிசம்பர் 15-ஆம் நாள், ஜான்ஸ் தீவிலேயே அவர் உயிர் துறந்தார்.

எல்லாம் முடிந்துவிட்டதா? இல்லை. 1993-இல் தென் கரோலினாவின் ஏழை வட்டாரங்கள், எங்கள் பிள்ளைகளுக்குப் போதிய கல்வி தரப்படவில்லை என்று வழக்குத் தொடர்ந்தன. அந்தப் பள்ளிகளில் பயின்றோரில் பெரும்பாலோர் கறுப்பினப் பிள்ளைகள். இருபத்தோர் ஆண்டுகள் வழக்கு நடந்தது. 2014-இல் மாநில உச்ச நீதிமன்றம், அரசு கடமை தவறியது என்று கூறிற்று. 2017-இல் அதே நீதிமன்றம் தன் கண்காணிப்பை முடித்துக்கொண்டது. வழக்குத் தொடங்கிய நாளில் முதல் வகுப்பில் இருந்த குழந்தை, அதற்குள் தன் குழந்தையை அதே பள்ளிக்கு அனுப்பும் வயதை எட்டியிருக்கும். சட்டம் வாசலைத் திறக்கும். உள்ளே விளக்கேற்றும் வேலை எஞ்சியே நிற்கும்.

அந்த வேலையைச் செய்ய விரும்பும் இளைஞருக்குச் செப்டிமா விட்டுச்சென்ற வழி தெளிவானது. மக்களை அறியாதவர்கள் என்று எண்ணிச் செல்லாதே. எது வேண்டும் என்று அவர்களிடம் முதலில் கேள். அஞ்சியவனை ஏசாதே, அவன் அச்சத்துக்குக் காரணம் எங்கே இருக்கிறது, அவன் சோறு யார் கையில் இருக்கிறது என்று பார். கட்டடம் இல்லையென்றால் கடையின் பின்னறை போதும். புத்தகம் இல்லையென்றால் காகிதப் பை போதும். பட்டதாரி வராவிட்டால் கூந்தல் திருத்துபவர் போதும்.

புத்தகத்தைச் சுமந்து பள்ளி வாசலில் காத்து நின்றான் ஓர் அடிமைச் சிறுவன். அவனுடைய மகள் அந்த வாசலைத் தமக்கு மட்டும் திறந்துகொண்டு உள்ளே போய்விடவில்லை. வெளியே நின்ற மற்றவர்களையும் அழைத்து வரத் திரும்பி நடந்தார். அந்த நடை நின்றுவிடக் கூடாது.